அப்பா சொன்ன சப்தமி

நம் ஆறாம் வகுப்புக் குரூப்பில் ஒரு வாரமாக ஒரே ரகளை. யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பழைய போர்ப் படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டுவிட்டார். ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் விழுங்கிக்கொண்டிருக்கும் நாம் எல்லாரும் மறுபடி பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளாகி அடித்துக்கொள்கிறோம். படத்துக்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருப்பதையும் உட்கார்ந்து படித்தேன். அங்கேயும் இரண்டு கட்சிதான். அவன் துரோகி என்று ஒருவர் எழுதினால், அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்னத்தைக் கிழித்திருப்பாய் என்று அடுத்தவர் கேட்கிறார்.

நேற்று நம் வகுப்புத் தலைவர் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். "டீச்சர், அன்னைக்கு பட்டிமன்றத்துல பேசி கப்பு வாங்கினது நீங்கதானே. நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லிடுங்க லா, இவனுங்க வாயை மூடட்டும்" என்றார். அதற்கு நீங்கள் எல்லாரும் சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டு நிரப்பியிருந்தீர்கள்.

கப்பு இல்லை, கடிகாரம். அதை வாங்கிய கதையை இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடப் பாதிதான் சொன்னேன். கேட்டுவிட்டீர்கள், எழுதிவிடுகிறேன். நடுவில் யாரும் குட் மார்னிங் பூப்படம் போடாமல் இருந்தால் நல்லது.

படத்தை மறந்துபோனவர்களுக்காக ஒரு வரி. ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு நண்பர்கள் பட்டாளத்துக்குப் போகிறார்கள். பின்வாங்கும்போது ஒருவனுக்குக் காலில் குண்டு. மற்றவன் அவனைத் தோளில் போட்டுக் கொஞ்ச தூரம் சுமந்து, முடியாமல், ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டுத் தனியே ஊர் திரும்புகிறான். நண்பனின் அம்மாவிடம், "என் மடியில்தான் உயிர் போனது" என்று சொல்கிறான். அந்த அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுது, அவனுக்குச் சோறு போடுகிறாள். மரத்தடியில் இருந்தவன் செத்தானா பிழைத்தானா என்று கடைசிவரை காட்டமாட்டார்கள். சண்டையே அதனால்தான்.

அந்தப் படம் பிரிக்பீல்ட்ஸ் படக்கொட்டகைக்கு வந்தபோது அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். மழை பெய்து விட்டிருந்தது. வாசலில் கச்சாங் பூத்தே விற்பவர் தந்த காகிதச் சுருளில் கடலையின் சூடு உள்ளங்கையில் தங்கியிருந்தது. உள்ளே சுருட்டு வாடையும் நனைந்த துணி வாடையும் கலந்து அடித்தன. திரும்பி வந்தவன் நண்பனின் வீட்டுக் கதவைத் தட்டும் கட்டத்தில் அப்பா எழுந்துவிட்டார். ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். அவருக்கு ஷிஃப்ட் மறுநாள் காலையில்தான் என்று எனக்கே தெரியும்.

படம் விட்டு வெளியே வந்தால், அப்பா சாக்கடைக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு நடந்து போகும் வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கடைசியில அந்தம்மா கண்டுபிடிச்சிருச்சா?" இல்லை என்றேன். சரி என்பதுபோல் தலையாட்டினார்.

அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்த்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவர் சயாமில் தண்டவாளம் போட்டவர் என்பது உங்களில் சிலருக்குத்தான் தெரியும். டெங்கில் பக்க ரப்பர் தோட்டத்திலிருந்து, மூன்று மாத வேலை என்று சொல்லி ஜப்பான்காரன் லோரியில் ஏற்றிக்கொண்டு போனான். அப்பாவுக்கு அப்போது பதினெட்டு. கூடவே ஏறியவர் பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவின் கூட்டாளி. போனது இரண்டு பேர், திரும்பியது அப்பா மட்டும்.

அந்தக் கூட்டாளிக்கு ஒரு தங்கச்சி. அவர்தான் எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி இருந்த அத்தை. உங்கள் எல்லாருக்கும் ஐஸ்கட்டி கேட்டால் உடைத்துத் தருவாரே, அவர்தான். ரத்த சொந்தம் இல்லை. போர் முடிவதற்குள் அத்தையின் அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த அப்பா, அத்தைக்கு அண்ணன் இடத்தில் நின்று, தன்னோடு ரயில்வேயில் வேலை பார்த்தவரையே மாப்பிள்ளையாகப் பார்த்துக் கல்யாணம் முடித்துவைத்தார். அம்மா வந்ததும் நான் பிறந்ததும் அதற்குப் பிறகுதான்.

அப்பா தோட்டத்துக்குத் திரும்பி வந்த அன்று அத்தை அழவில்லையாம். கொண்டு வந்து கொடுக்க உடம்பு இல்லை, சாம்பல் இல்லை, ஒரு துணிகூட இல்லை. அத்தை கேட்டது ஒன்றுதான்: எந்த நாள்? நாள் தெரியாவிட்டால் என்ன, அமாவாசையில் படைத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொன்னார்களாம். ஊரில் இருக்கிற எல்லாருக்கும் வைக்கிற நாளில் என் அண்ணனுக்கும் வைப்பதா என்று அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது அப்பா சொன்னார், ஆனி மாதம், வளர்பிறை சப்தமி. வயிற்றுப்போக்கு வந்து, தன் மடியில், தான் ஊற்றிய தண்ணீர் தொண்டையில் இறங்கும்போதே உயிர் போனது என்றார். வானத்தில் அரை நிலா இருந்தது, அதனால்தான் நாள் நினைவிருக்கிறது என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஆனி சப்தமிக்கும் அத்தை வீட்டில் படையல். கோழிக் குழம்பு, உளுந்து வடை, அவித்த முட்டை, ஒரு குவளை பாலில்லாத கோப்பி ஓ, ஒரு கட்டு பீடி. மரவள்ளிக் கிழங்கு மட்டும் அந்த வீட்டில் எந்த நாளும் வேகாது, ஜப்பான்காரன் காலத்தில் தின்றது போதும் என்பார் அத்தை. சுவரில் மாலை போட்ட படத்தில் அந்தக் கூட்டாளி, தலையைப் படிய வாரி, யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டில் நிற்பார். கற்பூரம் அணைந்ததும் படைத்த இலைக்கு முன்னால் அப்பாதான் உட்காருவார். அவர் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு. அப்பா அந்த ஒரு நாள் மட்டும் வெள்ளை வேட்டி கட்டுவார். தலையை நிமிர்த்தாமல், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். என் அண்ணன் பசியோடு போனவர், அதனால்தான் இந்த அண்ணன் இப்படிச் சாப்பிடுகிறார் என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

படம் ஓடிய அந்த மாதத்தில் குவார்ட்டர்ஸே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. முடிவெட்டும் கடையில், தண்ணீர்க் குழாயடியில், கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும் வரிசையில்கூட இதே பேச்சு. கடைசியில் வாலிபர் சங்கத்துக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பட்டிமன்றம் வைத்தார்கள். நண்பனை விட்டு வந்தவன் குற்றவாளியா, சூழ்நிலைக் கைதியா? பேச நம் வகுப்புப் பிள்ளைகள், நடுவராக நம் பெரிய வாத்தியார். யாருக்கு எந்தக் கட்சி என்று சீட்டுப் போட்டு எடுத்தோம். எனக்குக் 'குற்றவாளியே' வந்தது. வேறு வந்திருந்தால் அதையும் இதே வேகத்தில் பேசியிருப்பேன். எனக்கு வேண்டியது கைதட்டல், வேறொன்றுமில்லை.

சயாமுக்குப் போய் வந்தவர்கள் அந்த வரிசைகளில் அப்போது பத்துப் பேராவது இருந்தார்கள். அவர்களை நாற்காலி போட்டு உட்காரவைத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை ஏற்றிவிட்டு இப்படி ஒரு தலைப்பில் பேசவைக்கலாமா என்று ஒரு பெரியவருக்கும் தோன்றவில்லை. தமிழ் வளர்கிறது என்று எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

வீட்டில் பெரியவர்களிடம் கருத்துக் கேட்டு வாருங்கள் என்று பெரிய வாத்தியார் சொல்லியிருந்தார். அப்பா குளித்துவிட்டு, தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றார். போரில் இதெல்லாம் சகஜம் என்று எதிர்க்கட்சி சொல்லும், நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டேன். தலையை வாரி முடித்தார். பிறகு சீப்பை வைத்துவிட்டுச் சொன்னார்.

"விட்டுட்டு வந்தத மன்னிச்சிரலாம். ஆனா சாகறத பாக்காதவன் எப்படி நாளு சொல்ல முடியும்? அந்தம்மா அவன் சொன்ன நாளுல படையல் போடுவா. பிள்ளை எந்த நாளு செத்தானோ, எத்தனை நாளு உயிரோட கெடந்தானோ. அதான் தப்பு."

படத்தில் நாள் பற்றிய பேச்சே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அடடா, இது யாருக்கும் கிடைக்காத பாயின்ட் என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

மண்டபத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். நீங்களும் இருந்தீர்கள். மின்விசிறி போதாமல் அம்மாக்கள் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அத்தை இரண்டாவது வரிசையில், எனக்காகக் கேசரி செய்து எடுத்துவந்த டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா கடைசியில், ஜன்னலோரம் நின்றார். நான் அந்தக் கருத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். சொல்லி முடித்தது போதாது என்று, கையை நீட்டி, "இது நான் சொல்வதல்ல. சயாம் மரண ரயிலுக்குப் போய் வந்த என் தந்தையே சொன்னது!" என்று சேர்த்தேன். மண்டபம் அதிர்ந்தது. அந்தக் கைதட்டல் இன்றைக்கும் எனக்குக் கேட்கும்.

அத்தை கைதட்டவில்லை. மெதுவாகத் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்பா அத்தையைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மேடையிலிருந்து எல்லாம் தெரிந்தது. ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. நடுவர் எங்கள் கட்சிக்குத் தீர்ப்புச் சொல்லி, எனக்கு அந்தச் சீனக் கடிகாரத்தைக் கொடுத்தார். முகப்பில் ஒரு கோழி, வினாடிக்கு ஒரு தரம் தலையைக் குனிந்து தானியம் கொத்தும். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் அத்தையைத் தேடினேன். டிபன் கேரியர் நாற்காலியில் இருந்தது, அத்தை இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அத்தை வீட்டுக்கு வந்தார். படியேறி உள்ளே வரவில்லை. எப்போதும் அடுப்படிவரை வருகிறவர் வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, எங்க அண்ணன் போறப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்லம்மா."

"நீங்க கெளம்பறப்ப மூச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உங்கள கூப்பிட்டாரா?"

அப்பா துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். துண்டை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு தரம் கூப்பிட்டான்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வந்தது. காலரா வந்தவர்களை ஒரு கொட்டகையில் போட்டிருந்தார்கள். நிற்க முடிந்தவர்களை அடுத்த முகாமுக்கு நடக்கச் சொன்னார்கள். கூட்டாளிக்கு நிற்க முடியவில்லை. அப்பா நடந்தார். பின்னாலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. திரும்பிப் பார்த்தால் நடக்கமுடியாது என்று திரும்பவில்லை. துப்பாக்கிக் கட்டையோடு ஒருவன் பின்னால் வந்துகொண்டிருந்தான் என்பதைக்கூட அப்பா சொல்லவில்லை. பல வருடம் கழித்து அம்மாதான் சொன்னார்.

"அப்ப அந்த சப்தமி?" என்றார் அத்தை.

"நீ நாளு கேட்ட. நான் வெறுங்கையோட வந்து நின்னேன். அதையாவது குடுக்கணும்னு தோணுச்சும்மா."

அத்தை திட்டவில்லை, அழவில்லை. வந்த வழியே போனார்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன். அத்தை வீட்டுச் சுவரில் இருந்த படத்தில் மாலை இல்லை. படத்தின் நெற்றியில் வைத்திருந்த சந்தனப் பொட்டையும் துடைத்திருந்தார். எனக்கு முதலில் புரியவில்லை, அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டார். அத்தைக்கு அவர் அண்ணன் இனிமேல் செத்தவர் இல்லை. மூச்சு இருந்தது என்று அப்பாவே சொல்லிவிட்டாரே. பிழைத்திருக்கலாம், சயாமிலேயே தங்கியிருக்கலாம், அங்கே ஒரு குடும்பம்கூட இருக்கலாம். அத்தை படத்தைப் பிரதி எடுத்து, வடக்கே போகும் லோரிக்காரர்களிடம் கொடுத்து அனுப்பினார். கூலிம் பக்கம் மை போட்டுப் பார்க்கிறவரிடம் போனார். அவன் நாசமாய்ப் போக, ஆள் உயிரோடு இருக்கிறார், தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினான்.

அப்பா ஒன்பது நாள் லீவு போட்டார். அந்தப் படத்தின் ஒரு பிரதியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வடக்கே ரயில் ஏறினார். இனி செத்தாலும் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று சொல்லியிருந்த மனிதர் அவர். எல்லை தாண்டிப் போய், அங்கே தங்கிவிட்ட தமிழர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறார். முகாம் இருந்த இடத்தில் வாழைத் தோட்டம் இருந்ததாம். திரும்பி வந்த அன்றே அத்தை வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே ஆள் நடமாட்டம் எங்கள் வாசலிலிருந்தே தெரிந்தது. கதவு திறக்கவில்லை.

அடுத்து வந்த ஆனி சப்தமியை நான் மறக்கமுடியாது. அப்பா காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வழக்கமாக அத்தை வந்துதான் கூப்பிடுவார். பதினொரு மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. அத்தை வீட்டிலிருந்து குழம்பு வாசனை வரவில்லை, புகை வரவில்லை. அம்மா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். இரண்டு மணிக்கு அப்பா எழுந்து வேட்டியை மடித்து வைத்துவிட்டு, காக்கி உடுப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அன்று அவர் எதுவும் சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த வருடமும் அப்படியே உட்கார்ந்தார். அதற்குள் அத்தை கிள்ளானுக்குக் குடிபோய்விட்டிருந்தார், ஆனாலும் ஒவ்வொரு ஆனியிலும் அப்பா உட்காருவதை நிறுத்தவில்லை.

அப்பா என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. ஒரே ஒரு முறை, நான் அந்தக் கடிகாரத்தை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்ததைக் கண்டு வெளியே எடுத்துவைத்தார். "நீ சரியாத்தான் பேசின" என்றார். அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம். அம்மாவோ, அப்பா முன்னால் அந்தப் பேச்சையே எடுக்காதே என்று கட்டளை போட்டுவிட்டார். நானும் நல்ல பிள்ளையாகக் கீழ்ப்படிந்தேன். பதினொரு வருடம். தெரியாமல் பேசிவிட்டேன் அப்பா என்று சொல்லவில்லை. நீங்கள் செய்தது தப்பில்லை அப்பா என்று சொல்லவில்லை. மேடையில் அத்தனை பேசிய வாய்.

அவர் ஏன் அன்று அந்தக் கருத்தை எனக்குத் தந்தார் என்று பல காலம் யோசித்திருக்கிறேன். வாய் தவறி வந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் வயதைத் தாண்டிவிட்டேன். அந்த இலைக்கு முன்னால் வருடா வருடம் உட்கார்ந்து சாப்பிட அவரால் முடியவில்லை, அதுதான் எனக்குத் தோன்றுகிறது. யாராவது தன்னைக் கண்டுபிடித்துவிடட்டும் என்று இருந்திருக்கிறார். அதற்குக் கிடைத்தவள் நான்.

அப்பா ஓர் ஐப்பசியில் இறந்தார். நான் சுங்கை பூலோவில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். கிள்ளானுக்குச் சொல்லி அனுப்பினோம், எடுக்கும்வரை அத்தை வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார், தலை முழுக்க நரைத்திருந்தது. பின்னால் ஒரு மூலையில் உட்கார்ந்து, பந்தியில்கூடக் கை நனைக்கவில்லை. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பதினொரு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கேட்டே விடுவது என்று கிட்டே போனேன். எல்லாரும் போகும்வரை காத்திருந்தவர்போல் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா எந்த நாளும்மா?"

"ஐப்பசி, தேய்பிறை திரயோதசி."

"நீ பக்கத்துல இருந்தியா? கண்ணால பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். மறுபடி நாளைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் கேட்கவந்ததைக் கேட்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் அத்தை ஆள் விட்டு என்னைக் கிள்ளானுக்கு வரச் சொன்னார். எங்கள் வீட்டில் விடியற்காலையிலேயே படைத்து முடித்துவிட்டுப் போனேன். கூடத்தில் இரண்டு படங்கள். இரண்டாவது அப்பாவுடையது, எங்கிருந்து வாங்கினாரோ தெரியவில்லை. இரண்டுக்கும் மாலை. கீழே இரண்டு இலை, இரண்டு கோப்பி ஓ, இரண்டு கட்டு பீடி. அப்பா பீடி குடிக்கமாட்டார்.

"எங்க அண்ணன் இனிமே வரமாட்டாரு, எனக்கு தெரியும்" என்றார் அத்தை. "அவருக்கு நாளு இல்ல. அதான் உங்கப்பா நாளையே குடுத்துட்டேன். இந்த தரமாச்சும் ரெண்டு பேரும் ஒண்ணா வந்துட்டு ஒண்ணா போகட்டும்."

கற்பூரம் அணைந்தது. அத்தை தன் அண்ணனின் இலையைக் காட்டி, "ஒக்காரு, உங்கப்பா ஒக்கார்ற எடம்" என்றார்.

நண்பர்களே, நீங்கள் தீர்ப்புக் கேட்டீர்கள். நான் கொடுத்த ஒரே தீர்ப்புக்குப் பிறகு, வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அப்பா பதினொரு வருடம் காத்திருந்த சாப்பாடு அது. அவர் போன பிறகு வந்தது. அதை நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.